உயிரெழுத்தைத் தேடும் ஆங்கிலேயர்

விடுமுறைக்கு வேல்ஸ் போகும் ஆங்கிலேயர்களில் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். எல்லை தாண்டி முதல் பெயர்ப்பலகை கண்ணில் பட்டதுமே காரை ஓரங்கட்டுவார். எழுத்தெழுத்தாக உரக்கப் படிப்பார். பிறகு மனைவியிடம் தீர்ப்புச் சொல்வார்: "பாவம், இந்த ஜனங்களுக்கு உயிரெழுத்தே கிடையாது."

உண்மையில் உயிரெழுத்தில் வேல்ஸ்காரர்கள்தான் வசதியானவர்கள். இவர் பள்ளியில் படித்த ஐந்தோடு டபிள்யூ, ஒய் இரண்டும் சேர்ந்து அவர்களுக்கு ஏழு. டபிள்யூவை 'உ' என்று படித்தால் பாதிப் பூட்டு திறந்துவிடும். பி, டபிள்யூ, எஸ் என்று அவரை மிரட்டிய பலகை, பஸ் நிற்கும் இடத்தைத்தான் காட்டுகிறது.

ரஷ்ய எழுத்தைப் பார்த்தால் மனிதர் "எனக்குத் தெரியாது" என்று மரியாதையாக ஒதுங்கிவிடுவார். இங்கே எழுத்தெல்லாம் தெரிந்த முகம். அதனால் ஒலியும் தம்முடையதாகவே இருக்கவேண்டும் என்று பிடிவாதம். ஒற்றை எஃப் 'வ' ஆவதையும், இரட்டை எஃப் வந்தால்தான் 'ஃப' பிறக்கும் என்பதையும் சொந்த வீட்டு வேலைக்காரன் கட்சி மாறியதுபோல் பார்ப்பார்.

இரட்டை எல்லிடம்தான் முழுத் தோல்வி. லாங்கோலன் ஊர்த் தேநீர்க் கடையில் பரிமாறும் பெண் பொறுமையாகச் சொல்லித்தருவாள்: "'ல' சொல்வதுபோல் நாக்கை வையுங்கள். குரல் வேண்டாம். பக்கவாட்டில் காற்றை மட்டும் விடுங்கள்." விடுவார். மேசைவிரிப்பு நனையும்; ஒலி வராது. பரம்பரைத் தோஷம்! இரட்டை எல்லில் தொடங்கும் லூயிட் என்ற வேல்ஸ் பெயர் ஆங்கில வாயில் அகப்பட்டு ஃபிளாய்ட் ஆனது. 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் ஷேக்ஸ்பியரே லிவெலின் என்ற பெயரை ஃபுளூயெலன் ஆக்கியிருக்கிறார்.

ஆங்கில்சி தீவில் மிக நீண்ட ஊர்ப்பெயர் தாங்கிய ரயில் நிலையப் பலகையடியில் படம் எடுத்துக்கொள்ளாமல் ஊர் திரும்பமாட்டார். ஆங்கிலக் கணக்கில் அந்தப் பெயருக்கு 58 எழுத்து. இரட்டை எழுத்துகளை ஒன்றாக எண்ணும் வேல்ஸ் கணக்கில் 51. "இப்படியுமா பெயர் வைப்பார்கள்?" என்பார். 1860களில் சுற்றுலாப் பயணிகளை இழுப்பதற்கென்றே நீட்டிய பெயர் அது. அதாவது, இவருக்காகவே வைத்தது. உள்ளூர்க்காரர்கள் சுருக்கிச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள்.

கடைசி நாள், வாங்கிய சாமான்களை வீட்டுக்கு அனுப்பச் சொல்லிக் கடைக்காரம்மாவிடம் முகவரி எழுதிக் கொடுப்பார். அந்தம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஊர்ப்பெயரை எழுத்து ஒன்று விடாமல் படிப்பார்: "வோர்... செஸ்... டெர்?"

"வுஸ்டர்!" என்று சீறுவார் நம்மவர். "நடுவில் இருக்கிறதையெல்லாம் படிக்கக்கூடாது."

"பின்னே எதற்கு எழுதுகிறீர்கள்?"

"பெயர் என்றால் அப்படித்தான் இருக்கும். இதையெல்லாமா சொல்லித்தர வேண்டும்?"