ஏழு கிணறும் ஓர் ஏணியும்

திருகோணமலையில் பிறந்து, கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளி வாளியாக அள்ளி ஊற்றி வளர்ந்த ஒருவரை, வெந்நீர் ஊற்றே இல்லாத நாட்டில் கொண்டுபோய் விட்டால் என்ன செய்வார்? முதல் பத்து வருடம் வீட்டுக் குளியலறையோடு திருப்திப்படுவார். பிறகு கார் வாங்குவார்.

நம் அண்ணரும் அப்படித்தான். 1980களில் அகதிகளாக வந்த தமிழர்களை டென்மார்க் ஒரே ஊரில் குவிக்கவில்லை. யூலாண்ட் தீபகற்பத்தின் சிற்றூர்களில் பிரித்துப் பிரித்துக் குடியமர்த்தியது. பிற்பாடு ஹேர்னிங்கில் ஒரு சித்திவிநாயகரும் பிராண்டேயில் ஓர் அபிராமி அம்மனும் வந்து உட்கார்ந்தது இதனால்தான். கோயில் வந்துவிட்டது. தீர்த்தம்தான் பாக்கி.

டென்மார்க்கில் ஊர் சுற்ற வேண்டுமானால் முதலில் வார எண் தெரிய வேண்டும். அங்கே யாரும் தேதி சொல்வதில்லை. "ஏழாம் வாரம் சந்திப்போம்" என்பார்கள். பிப்ரவரியில் குளிர்கால விடுமுறை. அக்டோபரில் 42ஆம் வாரம் வருவது உருளைக்கிழங்கு விடுமுறை. ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் வயலில் இறங்கிக் கிழங்கு பொறுக்கிய வாரம் அது. அண்ணர் வீட்டுச் சுவரில் பஞ்சாங்கக் காலண்டரும் வார எண் காலண்டரும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. அமாவாசை ஒன்றில், லீவு மற்றதில்.

முதல் பயணம் ஹிம்மல்பியர். பெயருக்கு அர்த்தம் வான்மலை. புளிச்சோறு கட்டிக்கொண்டு, பிள்ளைகளுக்குக் கம்பளிக் குல்லாய் மாட்டி, மலையேறப் போகும் தோரணையில் புறப்பட்டார்கள். ஏறி முடித்தபோது புளிச்சோறு இன்னும் சூடாக இருந்தது. வான்மலையின் உயரம் 147 மீட்டர். நாட்டின் ஆக உயர்ந்த இயற்கை மேடான மோலஹோய்கூட 170.86 மீட்டர்தான், அதுதான் உச்சி என்று அளந்து முடிவு செய்ததே 2005இல். திருச்சி மலைக்கோட்டை 83 மீட்டர். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு மலைக்கோட்டைகளை வைத்தால் டென்மார்க் முழுவதும் கிட்டத்தட்ட காலடியில்!

வடமுனையில் ஸ்காகன். அங்கே இரண்டு கடல்கள் முட்டிக்கொள்ளும் மணல்திட்டுக்கு, 'மணல் புழு' என்று பெயர் வைத்த டிராக்டர் வண்டி இழுத்துப் போகும். ஒரு கால் ஒரு கடலில், மறு கால் மறு கடலில் என்று நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். குளிக்கக் கூடாது, நீரோட்டம் இழுத்துவிடும். "சங்கமத்திலை முழுகக்கூடாதெண்டால் பிறகு என்ன சங்கமம்?" என்று அண்ணி கேட்டது நியாயமான கேள்வி. லெகோலாந்து பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, பிள்ளை பெற்ற எல்லாரும் போவதுதான்.

இதற்கிடையே வெந்நீர்த் தேடல் நடந்துகொண்டே இருந்தது. டென்மார்க்கின் துரதிர்ஷ்டம், 1944 வரை அதன் மன்னரே ஐஸ்லாந்துக்கும் மன்னர். 'கெய்சர்' என்ற சொல்லையே உலகத்துக்குக் கொடுத்த நாடு அது. அவ்வளவு வெந்நீரும் கைநழுவிப் போயிற்று. மிச்சம் இருப்பது கிரீன்லாந்து. அதன் தென்பகுதியில் ஊனார்தோக் என்றொரு தீவு. பனிப்பாறைகள் மிதப்பதைப் பார்த்தபடி இளஞ்சூட்டு ஊற்றில் உட்காரலாம். அதற்கு விமானம் ஏறி, பிறகு படகு ஏற வேண்டும். அண்ணர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தக் காசுக்குக் குடும்பத்தோடு கன்னியாவுக்கே போய் வரலாம்.

யூலாண்டின் தீஸ்டட் நகரில் மட்டும் ஒரு நப்பாசை எழுந்தது. அங்கே ஒரு கிலோமீட்டருக்கும் அதிக ஆழத்திலிருந்து 40 பாகைக்கு மேற்பட்ட உப்பு வெந்நீரை 1984 முதல் மேலே எடுக்கிறார்கள். குளிக்கவா? சூட்டை உறிஞ்சி ஊர் வீடுகளுக்குக் குழாயில் அனுப்பிவிட்டு, தண்ணீரைத் திரும்ப மண்ணுக்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். இத்தனைக்கும், 1620இல் ஓவே கெட்டே தலைமையில் டேனிஷ் கப்பல்கள் தரங்கம்பாடியில் கோட்டை கட்டுவதற்கு முன் திருகோணமலைக்குத்தான் வந்தன. வந்தவர்கள் ஒரு கிணற்றையாவது தூக்கிக்கொண்டு போயிருக்கலாம் என்பது அண்ணரின் தீராத மனக்குறை.

கடைசியில் அவர் சேர்ந்தது குளிர்காலக் கடற்குளியல் கழகம் ஒன்றில். இடம் கிடைக்கவே இரண்டு வருடம் காத்திருந்தார்.

மரப் பாலம் ஒன்று கடலுக்குள் நீண்டிருக்கும். அதன் நுனியில் ஓர் ஏணி. பக்கத்தில் சவுனா அறை. வாசல் பலகையில் சோக்கட்டியால் எழுதியிருப்பார்கள்: கடல் 2, சவுனா 85. இடையே 83 பாகை, அதாவது ஒரு மலைக்கோட்டை. உள்ளே போனால் ஆணும் பெண்ணும் பிறந்தமேனிக்குத் துண்டை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். குளியலுடை போட்டால்தான் முறைக்கிறார்கள். நம் கீரிமலையில் ஆணுக்கொரு கேணி, பெண்ணுக்கொரு கேணி. ஓர்ஹூஸ் நகரில் 1933இல் கட்டிய 'டென் பெர்மனென்ட' கடற்குளியல் துறையிலும் அப்படிப் பிரிவு உண்டென்று அண்ணர் கேள்விப்பட்டது, பாவம், கழகத்துக்குப் பணம் கட்டிய பிறகு. துண்டை வேட்டியாகக் கட்டிக்கொண்டு மூலையில் ஒதுங்கினார்.

பிறகு 'குஸ்மெஸ்டர்' என்கிற சவுனாப் பூசாரி வந்தார். சுட்ட கல்லின் மேல் யூகலிப்டஸ் தைலம் கலந்த நீரை ஊற்றி, துண்டைச் சுழற்றி ஆவியை ஒவ்வொருவர் முகத்திலும் அடித்தார். அண்ணருக்குச் சிரிப்பு வந்தது. தடிமன் பிடித்தால் அம்மா போர்வையால் மூடி வேது பிடிக்க வைப்பாரே, அதேதான்! அம்மா சந்தா வாங்கவில்லை.

இன்னோர் அதிசயமும் நடந்தது. மூன்று வருடமாகத் தெருவில் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போன பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர், சவுனாவில் முழங்கால் வலியிலிருந்து மருமகள் குணம் வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டேனிஷ்காரர் மனம் திறக்க, முதலில் சட்டை கழல வேண்டும் போலிருக்கிறது.

ஏணி காத்திருந்தது. முதல் படி உறைந்து வழுக்கியது. மூன்றாம் படியில் கணுக்கால் எங்கே என்று தெரியவில்லை. கழுத்தளவு இறங்கியதும் அண்ணர் வாயிலிருந்து வந்தது "முருகா!" அருகில் மிதந்த மூதாட்டி அதை டேனிஷ் என்று நினைத்து, "டைலிட்! ஆமாம், பிரமாதம்!" என்று ஆமோதித்தார்.

காரில் பிளாஸ்க்கும் கையுமாக உட்கார்ந்திருந்த அண்ணி கேட்டார்: "இஞ்சருங்கோ, கன்னியாவிலை சும்மா குளிச்ச மனுசன், காசு குடுத்து ஐசுக்கை இறங்கிறதோ?" பதில் சொல்லப் பல் ஒத்துழைக்கவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமையும் போனார். அதற்கடுத்த சனிக்கிழமை மகளையும் கூட்டிப் போனார்.

போன வருடம் குடும்பத்தோடு கன்னியா. தாய்க்கு ஈமக்கடன் கழிக்க இராவணன் ஏழு இடத்தில் நிலத்தைக் குத்தினான் என்ற கதையை அண்ணர் நாலு முறை சொன்னார். ஏழு சதுரக் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. வாளியால் அள்ளித் தலையில் ஊற்றியதும் உடம்பிலிருந்து ஆவி பறக்க, முகத்தில் முப்பது வருடத்து நிம்மதி. டென்மார்க்கில் பிறந்த மகள் ஏழு கிணற்றிலும் விரலை விட்டுப் பார்த்துவிட்டு வந்தாள்.

"அப்பா, குளிர்த் தண்ணி எதிலை?"

அண்ணர் வாளியை வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். அவருக்கும் அதே சந்தேகம்தான். ஆட்டோ பிடித்து நிலாவெளிக் கடலுக்கு ஓடினார்கள். மகள் குதித்தாள், எழுந்தாள், முகத்தைச் சுளித்தாள்.

அதுவும் சூடு.