மாட்டுக்குப் பல், காருக்கு பெல்ட்!

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஃபோர்டு ஈகோஸ்போர்ட் பெட்ரோல் கார் ஒன்று மலிவாக வருகிறது. நம்பி வாங்கலாமா?
– வாசகர், விழுப்புரம்

பதில்: மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம் அல்லவா? இந்தக் காருக்கும் பல் உண்டு, டைமிங் பெல்ட்டில்! 1.0 லிட்டர் ஈகோபூஸ்ட் எஞ்சினில் அந்த பெல்ட் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே ஓடும். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்டால் ரப்பர் உதிர்ந்து, துகள்கள் ஆயில் பம்ப்பின் வடிகட்டியை அடைத்துவிடும். பெல்ட்டை நேரத்தில் மாற்றினால் செலவு ஆயிரங்களில் முடியும். அறுந்தால் லட்சத்தைத் தொடும்.

கூலன்ட் அளவை எஞ்சின் ஆறியிருக்கும்போது பாருங்கள். குறைந்திருந்தால் கசிவைக் கண்டுபிடிக்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

2017-க்கு முந்தைய 1.5 லிட்டர் ஆட்டோமேட்டிக்கில் இருப்பது டூயல் கிளட்ச். நெரிசலில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வண்டி நடுங்கினால் கிளட்ச் செலவு காத்திருக்கிறது.

மறைமலை நகரில் பிறந்த உறுதியான வண்டி. 2021-ல் ஃபோர்டு இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்ததால்தான் விலை இறங்கியது. முழு சர்வீஸ் பில்லும் கையில் இருந்தால் வாங்குங்கள். பில் இல்லையென்றால், அந்தக் கார் வேண்டாம்.