பிரெட்டு, பழம், போட்டோ

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இரக்கத்துக்குப் பஞ்சமே கிடையாது. எந்தத் தலைவருக்குப் பிறந்தநாள் வந்தாலும் அன்று காலை பத்து மணிக்கு அரசு மருத்துவமனை வாசலில் இரக்கம் வந்து இறங்கும். முப்பது வெள்ளை வேட்டி, ஒரு கூடை ஆப்பிள், பிரெட் பாக்கெட்டுகள், ஒரு போட்டோகிராபர். ஒரே பாக்கெட்டைப் பன்னிரண்டு கைகள் சேர்ந்து பிடித்துக் கொடுக்கும். வாங்குகிற ஆயா கேமராவை நிமிர்ந்து பார்க்கும் வரை கடைசிக் கை விலகாது.

இந்தப் படை கீமோ ஏறுகிற குழந்தையின் கட்டிலுக்கு வந்தால் என்ன ஆகும்? மருந்து ஏறி ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளை அணு அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். 'கவுன்ட் கம்மி' என்பார்கள் வார்டில் இருக்கும் அம்மாக்கள். அந்த நாட்களில் நமக்கு ஒரு தும்மலோடு போகிற கிருமி அந்தப் பிள்ளையின் உயிரை வாங்கிவிடும். ஆகவே அண்ணன்மார்களே, பைசா செலவில்லாமல் நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவி ஒன்று இருக்கிறது. வராதீர்கள்.

அண்ணன்மாரை மட்டும் சொல்வானேன். செலவு குறைந்த உதவியில் நம் தெருவே பட்டம் வாங்கியிருக்கிறது. பப்பாளி இலைச்சாறு கொடு என்பார் ஒருவர். முள்சீத்தாப் பழம் கொடுத்தால் கீமோவே வேண்டாம் என்பார், வாட்ஸ்அப்பில் எம்.டி. படித்த இன்னொருவர். சர்க்கரையை நிறுத்தினால் கேன்சர் பட்டினியிலேயே செத்துவிடும் என்பார் சித்தப்பா. ஸ்டீராய்டு மாத்திரை போடும் வாரங்களில் அந்தப் பிள்ளை நடுராத்திரியில் எழுந்து சோறு கேட்டு அழுவது சித்தப்பாவுக்குத் தெரியாது. அவர் ஆலோசனை சொல்லிவிட்டுத் தூங்கப் போயிருப்பார். எதிர்வீட்டார் தங்கள் பிள்ளையை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார்கள். புற்றுநோய் ஒட்டுவாரொட்டி இல்லை. ஆனாலும் மொட்டைத் தலையோடு வரும் பிள்ளையைப் பார்த்து, "மத்த பிள்ளைங்க பயப்படுதுங்கம்மா, முடி வளர்ந்த பிறகு அனுப்புங்களேன்" என்று சொல்லும் பள்ளிகள் உண்டு.

முடி என்றதும் முடிதானம் ஞாபகம் வருகிறது. கல்லூரி தோறும் நடக்கிறது. பின்னலை அறுத்துக் கொடுக்கும் பெண்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களாவது தங்களுடையது என்று ஒன்றைக் கொடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பிள்ளைக்கு விக் நாளைக்குக் கிடைத்தாலும் போதும். பிளேட்லெட் இன்றைக்கே வேண்டும். எடுத்த பிளேட்லெட் ஐந்து நாளுக்கு மேல் தாங்காது, ஆகவே ஒருநாள் முகாம் நடத்தி வருஷத்துக்கும் சேமித்து வைக்க முடியாது. வாரா வாரம் யாராவது ஒருவர் கையை நீட்ட வேண்டும். வாரா வாரம் என்றால் பேனர் கட்ட முடியாதே, அதுதான் சிக்கல்.

சரி, மருந்துக்கு என்ன வழி என்று கேட்டால் தமிழ்நாடு நெஞ்சை நிமிர்த்தும். நிமிர்த்தட்டும், நியாயம்தான். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் அடையாற்றில் மருத்துவமனை தொடங்கினார். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கினால் அட்டை கிடைக்கும். அந்த அட்டையை நீட்டினால் டிக்கெட் கிழித்துத் தரும் நடத்துனரை மட்டும் நான் இன்னும் பார்க்கவில்லை. பெண்களுக்கு இலவசமான விடியல் பயணம் டவுன் பஸ்ஸோடு நின்றுவிடுகிறது. புற்றுநோயாளிக்கு ரயிலில் படுக்கை வகுப்பில் முழுச் சலுகை உண்டு, துணைக்கு வருபவருக்கு முக்கால் பங்கு உண்டு. எல்லாம் உண்டு, பெரம்பலூரில் ரயில்தான் இல்லை. மாவட்டமாகி முப்பது ஆண்டுகள் ஓடிவிட்டன, தண்டவாளத்தைப் பார்க்க அரியலூர் போக வேண்டும்.

பிள்ளைகளுக்கு அதிகம் வருவது ரத்தப் புற்றுநோய். சிகிச்சை இரண்டு, இரண்டரை வருஷம் இழுக்கும். முதுகில் ஊசி, கையில் ஊசி, பிறகு மாதக்கணக்கில் மாத்திரை. அதற்குள் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ அடையாற்றுக்கோ புதுவை ஜிப்மருக்கோ எத்தனை நடை! சென்னை என்றால் ஒரு வழிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல். பெரம்பலூர் நான்கு ரோட்டில் பாதி ராத்திரியில் பஸ்ஸுக்கு நிற்கும் அந்த அம்மாவுக்கு அன்றைக்கு வெங்காயக் கொல்லையில் கூலி போச்சு, அப்பாவுக்கு முந்திரிக்காட்டில் கூலி போச்சு, மறுநாளும் போச்சு. இடையில் பிள்ளை கொஞ்சம் தெளிந்து ஓடியாடினால், 'நல்லாத்தானே இருக்கான்' என்று ஒரு நடை தள்ளிப்போகும். இன்னொரு நடையும் தள்ளும். நோய் காத்திருந்து திரும்பி வரும்.

பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த பிள்ளைகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பிழைக்கிறார்கள், ஏழை நாடுகள் பலவற்றில் முப்பதுக்கும் கீழே என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாமதமாகக் கண்டுபிடிப்பதும் சிகிச்சையைப் பாதியில் விடுவதும் அது சொல்லும் காரணங்களில் உண்டு. மருந்து ஒன்றும் தேவலோகத்து அமிர்தம் இல்லை. ரத்தப் புற்றுக்குக் கொடுக்கும் வின்கிரிஸ்டின், நம்மூர்ச் சுடுகாட்டு ஓரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே பூக்கிற நித்தியகல்யாணியில் கிடைப்பது. இன்னொரு மருந்தான மெதோட்ரெக்சேட்டின் கதையில் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லப்பிரகட சுப்பாராவ் இருக்கிறார். செடி இங்கே, படித்தவர் இங்கே, பிள்ளை சாவதும் இங்கேயே. எதனால்? பஸ் காசில்லாமல்!

ராத்திரி காய்ச்சல் வந்தால் கதை இன்னும் கேவலம். கீமோ நடக்கும் பிள்ளைக்கு 100.4 டிகிரி தொட்டால் அது அவசரம். கடையில் மாத்திரை வாங்கிக் காய்ச்சலை அமுக்கிவிட்டு விடியும் வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போய் ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும். அதற்கு வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். டாக்டர் நம்பர் எழுதிய ஒரு சீட்டு வேண்டும். தெருவில் வரிசையாக நிற்கும் கார்களில் ஒன்றின் சாவி வேண்டும். தெர்மாமீட்டர் கிடைத்துவிடும். சாவிதான் தூங்கிக்கொண்டிருக்கும்.

பணம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம், குறிப்பாக அரியலூரில். சுண்ணாம்புக் கல்லைத் தோண்டித் தோண்டி ஊரையே பள்ளமாக்கி, சிமென்ட் மூட்டையாக நாடெங்கும் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். 2015-இல் திருத்திய கனிமச் சட்டப்படி, பழைய குத்தகைக்காரர்கள் ராயல்டியில் 30 விழுக்காடும் புதியவர்கள் 10 விழுக்காடும் மாவட்டக் கனிம அறக்கட்டளை நிதிக்குச் செலுத்த வேண்டும். அந்த நிதியில் முன்னுரிமை பெறும் செலவுகளில் மருத்துவமும் ஒன்று என்று விதியே சொல்கிறது. அந்த அறக்கட்டளைக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர்.

எம்.பி., எம்.எல்.ஏ. ஐயாக்களே, அம்மாக்களே, அறக்கட்டளையின் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் போகும் பிள்ளைக்கும் துணைக்குப் போகிறவருக்கும் போகவர பஸ் கட்டணம், இரவு தங்க இடம், போன நாளுக்குக் கூலி. பெரம்பலூர்ப் பிள்ளைக்கும் சேர்த்து மேலிடத்தில் கேளுங்கள். இதற்காகப் புதுச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை.