டீ கப்பில் அடங்காத செல்லம்

செல்போன் விளம்பரத்தில் ‘டீ கப் பன்றி, கடைசிவரைக்கும் அஞ்சு கிலோதான்’ என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?
*வாசகர், அனுப்பர்பாளையம்*

நம்பாதீர்கள். இந்தப் பெயரில் விற்கப்படுபவை பெரும்பாலும் வியட்நாம் வழி வந்த தொப்பைப் பன்றிக் குட்டிகள். வளர்ந்தால் 50 முதல் 90 கிலோ வரை வரும். ‘தாயைப் பாருங்க, எவ்வளவு சின்னது’ என்று படம் காட்டுவார்கள். பன்றி ஆறு மாதத்திலேயே சினைக்குத் தயாராகிவிடும். முழு உடம்பு வர மூன்று வருடமாவது பிடிக்கும். படத்தில் நிற்கிற தாயே இன்னும் வளர்ந்து முடியாத குட்டிதான். ஐந்து கிலோவில் நின்றுபோன பன்றி என்றால், அது பட்டினி போடப்பட்ட பன்றி.

ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் குளூனி வளர்த்த மேக்ஸ் இந்த இனம்தான். 18 வயது வரை வாழ்ந்து 2006ல் இறந்தபோது அதன் எடை 120 கிலோவுக்கும் மேல். சீனாவின் பிஜிஐ நிறுவனம் மரபணுவைத் திருத்தி, 15 கிலோவில் நிற்கிற பன்றியைச் செல்லப்பிராணியாக விற்கப்போவதாக 2015ல் அறிவித்தது. பிறகு அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அவ்வளவு பெரிய ஆய்வகம் சொன்ன கணக்கே 15 கிலோ. விளம்பரக்காரருக்கு அஞ்சு கிலோ எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேளுங்கள். ‘வெளிநாட்டுச் சரக்கு’ என்றால், இறக்குமதி அனுமதியும் தனிமைப்படுத்திய சான்றும் எங்கே என்று இன்னொரு கேள்வி போடுங்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

லைன் வீட்டில் குடியிருக்கிறோம். ஒரு ரூம், ஒரு சமையலறை. குட்டிப் பன்றி வளர்க்க ஆசை.
*வாசகி, 15 வேலம்பாளையம்*

ஆசையை ஒத்திப்போடுங்கள், அம்மிணி. மண்ணைக் கிளறுவது பன்றிக்கு மூச்சுவிடுவதற்கு அடுத்த வேலை. மண் கிடைக்காவிட்டால் தரை ஓட்டையும் பீரோ கதவையும் கிளறும். பயந்தால் போடுகிற கூச்சல் 100 டெசிபலைத் தாண்டும்; நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற பக்கத்து வீட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். வீட்டு ஓனர் சம்மதம் மட்டும் போதாது. மாநகராட்சி எல்லைக்குள் அனுமதி இல்லாமல் பன்றி வைத்திருக்க முடியாது. சுகாதாரப் பிரிவில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

சொந்தத் தோட்டம், சுற்றுவேலி, மர நிழல், எந்நேரமும் தண்ணீர், இந்த நான்கும் உள்ளவர்கள் மட்டும் இதைப் பற்றி யோசிக்கலாம்.

பன்றி என்றாலே அசிங்கம் என்கிறாள் என் மகள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள். என்ன சொல்லிப் புரியவைப்பது?
*வாசகர், பெருமாநல்லூர்*

அதற்கு வியர்வை கொட்டாது என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். உடம்பைக் குளிர்விக்க அதற்கு இருக்கிற முக்கிய வழி சேறும் தண்ணீரும். பூசிய சேறு காய்ந்தால் வெயில் தோலைச் சுடாது, ஈயும் அண்டாது. இடம் கொடுத்தால், படுக்கிற இடத்தில் அது சாணி போடாது. ஒரு மூலையை ஒதுக்கிக்கொள்ளும். நொய்யல் ஓரத்தில் குப்பையில் மேய்கிற பன்றியைப் பார்த்துத்தான் உங்கள் மகள் அப்படிச் சொல்கிறாள். அந்தக் குப்பையைக் கொட்டியது பன்றி அல்ல, நாம். அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெயர் வைத்துக் கூப்பிட்டால் வருமா?
*வாசகி, ராயபுரம்*

சீக்கிரமே கற்றுக்கொண்டு வரும். அமெரிக்காவில் கேண்டேஸ் குரோனி என்ற ஆய்வாளர் நான்கு பன்றிகளை, மூக்கால் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளிக் கணினித் திரையில் புள்ளியை நகர்த்தப் பழக்கினார். 2021ல் ஆய்வு வெளியானது. தீனி வரும் கருவி பழுதானபோதும், வாயால் பாராட்டினாலே விளையாட்டைத் தொடர்ந்தன. இவ்வளவு மூளை உள்ள உயிரை நாள் முழுக்கக் கட்டிப் போட்டால் முரடாகாமல் என்ன செய்யும்?

கம்பெனி மெஸ்ஸில் தினமும் ஒரு அண்டா சோறு மிஞ்சுகிறது. பன்றிக்குப் போட்டால் செலவே இல்லையே?
*கான்ட்ராக்டர், மங்கலம்*

செலவு பின்னால் வரும், மொத்தமாக வரும். மெஸ் மிச்சத்தில் இறைச்சித் துண்டு கலந்திருக்கும். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவுகிற முக்கிய வழிகளில் அதுவும் ஒன்று. 2020ல் அசாமில் நுழைந்தது, 2022ல் வயநாடு வந்தது, 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகளைக் கொன்றது. மனிதர்களுக்குத் தொற்றாது, ஆனால் பன்றிக்கு வந்தால் பிழைப்பது அரிது, மருந்தும் கிடையாது. பிரிட்டனில் 2001 கோமாரி நோய்க்குப் பிறகு, வீட்டுச் சமையலறை மிச்சத்தைச் செல்லப் பன்றிக்குப் போடுவதே சட்டப்படி குற்றம்.

அடுத்தது உப்பு. சாம்பார், ஊறுகாய், அப்பளம் எல்லாம் தின்றுவிட்டு, குழாயில் தண்ணீர் வராத நாளில் தொட்டியும் காய்ந்து கிடந்தால், மூளை வீங்கி வலிப்பு வந்து செத்துப்போகும். மூன்றாவது கொழுப்பு. தொப்பைப் பன்றிக்கு முகத்துச் சதை தொங்கிக் கண்ணையே மூடிவிடும். பார்வை நன்றாக இருந்தும் குருடாகத் திரியும். அளந்த தீவனம், கீரை, பூசணி, வெள்ளரி போடுங்கள். மிஞ்சுகிற சோற்றுக்கு, நாளைக்கு அரிசியைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள்.

கட்டிங் வேஸ்ட் மெத்தை போட்டால் மெத்துமெத்து என்று இருக்குமே?
*டைலர், பாண்டியன் நகர்*

படுக்கும் முன் மென்று பார்க்கும். நூலும் எலாஸ்டிக்கும் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். வைக்கோல் போடுங்கள்.

மக்காச்சோளக் காட்டில் உடம்பெல்லாம் கோடு போட்ட குட்டி ஒன்று கிடைத்தது. வளர்க்கலாமா?
*விவசாயி, உடுமலைப்பேட்டை பக்கம்*

அது காட்டுப்பன்றிக் குட்டி. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. வீட்டில் வைத்திருப்பது குற்றம். உங்கள் வெள்ளாமையை அது அழித்த கோபம் எனக்கும் புரிகிறது. ஆனாலும் உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். தாய் பக்கத்திலேயே இருக்கும், கிட்டே போகாதீர்கள்.

எங்கள் கம்பெனியில் வேலை செய்கிற அசாம் பையன், ஊரில் அவர்கள் வீட்டில் பன்றி வளர்ப்பதாகச் சொன்னான். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவன் முகம் வாடிப்போச்சு.
*செக்கிங் செக்ஷன் வாசகி, வீரபாண்டி*

சிரித்தவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லுங்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இருந்த பன்றிகள் சுமார் 90 லட்சம். அதில் 21 லட்சம் அசாமில். நம் பக்கம் அவசரத்துக்கு ஆட்டைப் பிடித்து விற்றுப் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டுவதில்லையா? அங்கே அந்த இடத்தில் நிற்பது பன்றி. பன்றிக் காய்ச்சல் வந்த வருடம் அங்கே எத்தனை வீட்டில் அந்தச் சேமிப்பு மண்ணுக்குள் போனது என்று அந்தத் தம்பியையே கேளுங்கள். பன்றி வளர்ப்பில் இந்தப் பத்திக்காரரைவிட அவர் விவரம் தெரிந்தவராக இருக்கலாம். நம் மதுரைத் திருவிளையாடலிலேயே, தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்குச் சிவபெருமான் தாய்ப்பன்றியாக வந்து பால் கொடுத்தார். சிரிக்க இதில் என்ன இருக்கிறது?

மூளைக்காய்ச்சல் வரும் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
*வாசகர், தாராபுரம்*

பாதி உண்மை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் கிருமி பன்றியின் ரத்தத்தில் பெருகும். மனிதனுக்குக் கொண்டுவருவது கொசு. வயலில் தண்ணீர் நிற்கிற உங்கள் பகுதியில் எச்சரிக்கை வேண்டியதுதான். தொழுவம் வீட்டை ஒட்டி இருக்கக் கூடாது, கொசுவலை வேண்டும். பழமரத்தடியிலும் தொழுவம் வேண்டாம். மலேசியாவில் 1998-99ல் வௌவால் கடித்துப் போட்ட பழம் வழியாக நிபா பன்றிகளுக்கு வந்து, அங்கிருந்து மனிதர்களுக்குப் பரவி நூற்றுக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஆசைப்பட்டு வாங்கிவிட்டோம். இப்போது 40 கிலோ. கடிக்க வருகிறது. ராத்திரி ஆற்றோரம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர்.
*பெயர் வேண்டாம், திருப்பூர்*

வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள், நான் சொன்னதாகவும் சொல்லுங்கள். உங்கள் கையால் தின்று வளர்ந்த உயிர் அது. தெருப்பன்றிக் கூட்டம் அதைச் சேர்க்காது, நாய்கள் விடாது, குப்பையில் தேடித் தின்னவும் அதற்குத் தெரியாது. பட்டினி கிடந்து தவிக்கும் என்று தெரிந்தே விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

கடிப்பதற்குப் பெரும்பாலும் காரணம் உண்டு. ஆணாக இருந்தால் காயடிக்கவில்லை என்பது முதல் காரணம். பெண்ணாக இருந்தால் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும்போது முரண்டு பிடிக்கும். இரண்டுக்கும் அறுவைச் சிகிச்சை உண்டு. ஆனால் பன்றிக்கு மயக்க மருந்து கொடுப்பது நாய்க்குக் கொடுப்பதுபோல் எளிதல்ல, பழகிய மருத்துவர் வேண்டும். உடுமலைப்பேட்டையில் 2020 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். குளம்பு வளர்ந்து வலித்தாலும் கடிக்கும், அதையும் வெட்டச் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் முடியாவிட்டால், தோட்டமும் மனசும் உள்ள ஒருவரைத் தேடி, கூட இருந்து பழக்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள். இந்த வாரமே மருத்துவரிடம் கொண்டுபோங்கள், அம்மா.