ஓசிக் கோச்

திண்டுக்கல் பேகம்பூரில் அஸர் தொழுகை முடிந்த கையோடு டீக்கடையில் ஒரு கோச் நியமிக்கப்படுவார். மக்ரிப் பாங்கு சொல்வதற்குள் அவர் பதவி நீக்கப்பட்டிருப்பார். இரண்டையும் செய்பவர் ஒருவரே. அவருக்கு ஊரில் ஓசிக் கோச் என்று பெயர். நேரில் யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. "வாங்க பாய்" என்றுதான் பெஞ்சில் இடம் விடுவார்கள்.

திண்டுக்கல்லில் ஒரு தெருவுக்கு இப்படி ஒருவராவது உண்டு. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். இடது முட்டியில் ஒரு பழைய அடி இருக்கும். அந்த முட்டி மட்டும் போகாமலிருந்தால் அவர் இந்தியாவுக்கு ஆடியிருப்பார் என்பது அவருடைய கணிப்பு. அவரோடு ஆடியவர்கள் இதைக் கேட்டால் சர்க்கரை போதவில்லை என்று சொல்லி டீ கிளாஸோடு உள்ளே போய்விடுவார்கள்.

பிழைப்பு தோல் வியாபாரம். ஆட்டுத்தோலைக் கடனுக்கு வாங்கி, பதனிடுகிற இடத்துக்குக் கடனுக்குக் கொடுத்து, இரண்டு பக்கமும் தவணை சொல்லி வளர்ந்தவர். ஆகவே கால்பந்து கிளப்புகளின் கடனைப் பற்றி அவர் பேசும்போது ஒரு தொழில்முறை நிதானம் தெரியும்.

அந்த நிதானம் முற்றியது கோவையில். 2019 மார்ச் 9 அன்று நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி எஃப்.சி., மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்தி ஐ-லீக் கோப்பையைத் தூக்கியபோது அவர் கேலரியில் இருந்தார். பஸ் டிக்கெட் மச்சான் உபயம். சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் கோச். பெட்ரோ மான்சி அந்த சீசனில் அடித்தது 21 கோல். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் வந்து 26 சதவீதப் பங்கு வாங்கியது. பாய் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். 2021-22 சீசனுக்கான ஐ-லீக் பட்டியல் வந்தபோது அதில் சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை. அன்றிலிருந்து அவர் எந்த கிளப்பைப் பற்றிப் பேசினாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "பாக்கி எவ்வளவு?"

ஹைதராபாத் எஃப்.சி. அந்தக் கேள்விக்காகவே பிறந்த கிளப். 2022 மார்ச் 20 அன்று கோவாவின் ஃபதோர்டாவில் கேரளா பிளாஸ்டர்ஸை ஷூட் அவுட்டில் வென்று ஐ.எஸ்.எல். கோப்பை. இரண்டு சீசனுக்குள் சம்பளப் பாக்கி, புதிய வீரர்களைப் பதிவு செய்ய ஃபிஃபாவின் தடை. அயர்லாந்துக்காரர் கோனர் நெஸ்டர் கோச் பதவியை விட்டுப் போனார். வெளிநாட்டு வீரர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மிச்சமிருந்த பையன்களை வைத்து ஓட்டியவர் தாங்போய் சிங்டோ. 22 ஆட்டத்தில் ஒரே வெற்றி, 8 புள்ளி, கடைசி இடம். ஜெயித்த கோச்களையெல்லாம் ஒரு டீக்குள் தூக்கியடிக்கும் பாய், சிங்டோவை மட்டும் இன்றுவரை நீக்கவில்லை. "சம்பளம் வராத கடையில ஷட்டரைத் தூக்குனவன்யா" என்பார்.

ஹைதராபாத்துக்கு அந்தக் கோப்பையை வாங்கிக் கொடுத்த ஸ்பெயின்காரர் மனோலோ மார்க்கெஸ் அதற்குள் கோவா கிளப்புக்குப் போயிருந்தார். 2024 ஜூலையில் கோவாவோடு இந்திய அணியையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒரே ஆள், ரெண்டு ஆபீஸ். அவருக்கு முன்னால் இருந்த இகோர் ஸ்டிமாச்சை நடுவிலேயே நீக்கியதற்கு அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் நான்கு லட்சம் டாலர் எடுத்து வைக்க வேண்டியிருந்தது. "வெச்சிருக்கவும் காசு, அனுப்பவும் காசு!" என்று பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். அவர் நீக்கியவர்கள் யாரும் இதுவரை நஷ்ட ஈடு கேட்டதில்லை.

2025 ஜூலையில் மார்க்கெஸும் விலகினார். இந்தியா தரவரிசையில் 133. ஆண்டுக்கு 50 கோடி ரூபாய் தந்துகொண்டிருந்த ஐ.எஸ்.எல். ஒப்பந்தம் அந்த டிசம்பரில் முடிய இருந்தது. புதுப்பிப்பு பற்றிப் பேச்சு நகரவில்லை என்று லீக்கையே நிறுத்தி வைத்துவிட்டார்கள். இந்த லட்சணத்தில் கோச் வேலைக்கு 170 விண்ணப்பங்கள். அதில் ஒன்று பார்சிலோனாவின் சாவி எர்னாண்டஸ் பெயரில்!

அன்று மாலை டீக்கடையில் நிற்க இடமில்லை. சாவி எதற்கு இங்கே வருகிறார் என்று ஒரு பையன் கேட்டான். பாய் கிளாஸை வைத்துவிட்டு விளக்கினார். 2021இல் பார்சிலோனாவின் கடன் 100 கோடி யூரோவுக்கு மேல். மெஸ்ஸியையே வைத்துக்கொள்ள வழியில்லாமல் அனுப்பிய வருடம் அது. அந்த நவம்பரில்தான் சாவி அங்கே கோச்சாகப் போனார். 2022-23இல் லீக்கும் ஜெயித்தார். "கடன்காரன் வீட்டுல குடும்பம் நடத்திப் பழகுனவருப்பா. இங்க வந்தா கஷ்டமே தெரியாது." தர்க்கத்தில் ஓட்டை கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை.

ஓட்டை மெயிலில் இருந்தது. சாவியை அமர்த்தினால் செலவு தாங்காது என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டதாகச் செய்தி வந்து ஆறுவதற்குள், சாவி பெயரிலும் பெப் கார்டியோலா பெயரிலும் வந்தவை உண்மையான மெயில்களே அல்ல என்று சம்மேளனம் அறிவித்தது. வேலூரில் படிக்கும் 19 வயது மாணவர் ஒருவர் சாவி மெயில் தன் விளையாட்டு என்று சொன்னதாகவும் செய்தி. விண்ணப்பமே போடாத ஒருவரை வசதியில்லை என்று நிராகரித்த பெருமை உலகில் வேறு எந்த நாட்டுக்கு உண்டோ!

பாய் அசரவில்லை. ஓசிக் கோச்சுக்கு நேற்றைய பேச்சு நேற்றோடு சரி. "மண்டியில ஒரு ஆட்டுத்தோல் வாங்கறதுன்னாகூட புரட்டிப் பாத்துத்தான்யா வாங்குறோம். ஒரு போன் போட்டுக் கேக்க மாட்டானுங்களா?" என்றார். முந்தின நாள் அவரும் கேட்கவில்லை என்பதை நினைவூட்டும் தைரியம் டீ மாஸ்டருக்கு மட்டுமே உண்டு. அவரும் பாயின் கணக்கு நோட்டைப் பார்த்துவிட்டுப் பேசாமலிருந்தார். பழைய பாக்கி வருகிற நம்பிக்கை இன்னும் இருக்கிறது.

ஆகஸ்ட் 1ஆம் தேதி காலித் ஜமீல் நியமிக்கப்பட்டார். 13 ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் இந்தியர். "நான் ஐஸ்வால் ஜெயிச்ச அன்னைக்கே சொன்னேன்" என்றார் பாய். 2017இல் ஐஸ்வால் ஐ-லீக்கை வென்றபோது ஜமீல்தான் கோச் என்பது உண்மை; பாய் சொன்னார் என்பதற்குத்தான் சாட்சி இல்லை. லீக் நின்றுபோனதில் அதே மாதம் பெங்களூரு எஃப்.சி. சம்பளத்தை நிறுத்தியது. இரண்டு முறை ஐ.எஸ்.எல். கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி.யும் இயக்கத்தை நிறுத்தி வைத்தது. பாய் மூன்று நாள் யாரையும் நியமிக்கவில்லை.

நான்காம் நாள் தெருப் பையன்கள் வந்தார்கள். செவன்ஸ் டோர்னமென்ட் வருகிறது, டீமுக்கு கோச் இல்லை.

"நீங்களே வந்துருங்க பாய். உங்களுக்குத் தெரியாததா?"

பாய் லுங்கியை மடித்துக் கட்டினார். இடது முட்டியைத் தடவிக்கொண்டார்.

"போன வருஷம் ஒருத்தர் இருந்தாரே, அவருக்குப் பேசினத குடுத்தாச்சா?"

பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க. மெயில் போடுங்க, பாக்குறேன்."

டீ மாஸ்டர் சிரித்ததில் பால் பொங்கிவிட்டது.