கணினிக்கு முன்னால் ஓர் அக்கா

கணினி வந்தால் இடைத்தரகர் ஒழிவார் என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எங்கே ஒழிந்தார்? அன்று தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் மனு எழுதிக்கொண்டிருந்தார். இன்று சுழல் நாற்காலியில் இருக்கிறார். எங்கள் ஊரில் அவர் ஓர் அக்கா. கடைப் பலகையில் ஜெராக்ஸ், லேமினேஷன், டிடிபி, ஆன்லைன் சேவைகள் என்று எழுதியிருக்கும். கல்வி, ஆராய்ச்சி, அன்றாட வாழ்க்கை மூன்றும் அந்தச் சின்ன அறைக்குள் அடக்கம்.

நடுவில் ஓர் ஆள் நிற்பது இன்று வந்த வழக்கமும் இல்லை. 1973இல் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370 கணினி வந்தபோதே இப்படித்தான். மாணவர் தன் நிரலை அட்டைகளில் துளையிட்டு, கட்டாகக் கட்டி, கவுண்டரில் நீட்டவேண்டும். கணினி இருந்த கர்ப்பகிருகத்துக்குள் போக ஆபரேட்டருக்கு மட்டும்தான் உரிமை. விடை பிற்பாடு காகிதத்தில் வரும். ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் பிழைப்பட்டியல் வரும். மறுபடி அட்டை, மறுபடி வரிசை.

ஆராய்ச்சிக்கு வருவோம். தமிழ் முனைவர் பட்ட ஆய்வேட்டுக்கு நெறியாளர் ஒருவர் உண்டு. அதை வரிவரியாகப் படித்தவர் வேறொருவர். தட்டச்சு செய்த அக்காதான். "சார், மூணாம் இயல்ல சொன்னதையேதான் அஞ்சாம் இயல்லயும் சொல்லியிருக்கீங்க. ரெண்டையும் அடிக்கணுமா?" என்று ஒரு பேராசிரியரிடம் கேட்டார். வாய்மொழித் தேர்வில்கூட யாரும் கேட்காத கேள்வி.

அக்கா அடிப்பது பாமினி எழுத்துருவில். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்த ஏற்பாடு அது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வேடம் கலைந்துவிடும். 'தமிழ்' போய், ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். எல்லாக் கணினிக்கும் பொதுவான ஒருங்குறியில் (யூனிகோடு) தமிழுக்கு 1991லேயே இடம் கிடைத்தாயிற்று. 1999இல் சென்னையில் மாநாடு கூட்டித் தமிழ்99 விசைப்பலகைக்கு வழி செய்தார்கள். 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையும் போட்டது. இதையெல்லாம் அக்காவிடம் எடுத்துச் சொன்னேன். "ஆணை வந்துச்சு சார், என் விரலுக்கு வரலையே" என்றார்.

ஆய்வாளர்களுக்கு இதில் வருத்தம் இருப்பதாகத் தெரியவில்லை. 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு, பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை, தாண்டினால் உண்டு என்று விதி செய்தது. அதைக் கண்டுபிடிக்க மென்பொருளும் உண்டு. பாமினி ஏட்டை அதில் போட்டால் அதன் கண்ணுக்குத் தெரிவது ஜேயும் கேயும்தான். ஒருங்குறியில் இருக்கும் புத்தகத்திலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து எழுதியிருந்தாலும் இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் காணப்போவதில்லை. இவ்வளவு சுயசிந்தனை வேறெந்த மொழி ஆய்விலும் இருக்காது.

அடுத்து கல்வி. பள்ளிப் பிள்ளைகளுக்கு 2011இல் அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்தது. 2018இல் பொறியியல் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. அதுவரை அப்பாவும் பிள்ளையும் ராத்திரி பஸ் ஏறி அண்ணா பல்கலைக்கழகம் போய் நின்றார்கள். இனி வீட்டிலிருந்தே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். வீட்டில் ஒருவரும் இல்லை, அத்தனை பேரும் அக்கா கடையில். மடிக்கணினி மட்டும் வீட்டில் இருந்து படம் காட்டிக்கொண்டிருந்தது. "எதைம்மா முதல்ல போடுறது?" என்று ஓர் அப்பா கேட்டார். "போன வருசம் போன பிள்ளைங்க இந்தக் காலேஜ்ல கேன்டீன் நல்லாருக்குன்னாங்கண்ணே" என்றார் அக்கா. ஒரு பொறியாளரின் எதிர்காலம் முடிவாகிவிட்டது.

அன்றாட வாழ்க்கை என்பது ஓடிபிதான். ஒரு பாட்டியின் ஆதாரோடு இணைத்த செல்போன் எண் துபாயில் இருக்கும் மகனிடம். அக்கா பொத்தானை அழுத்த, ஆறு இலக்கம் அரபிக் கடலைத் தாண்டிப் போகிறது. பாட்டி பெஞ்சில் உட்கார்ந்து மகனைக் கூப்பிடுகிறார். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அந்தச் செய்தியிலேயே இருக்கிறது. மகன் அதைப் பாட்டியிடம் சொல்ல, பாட்டி ஒவ்வோர் இலக்கமாக, தெருமுனைவரை கேட்கும்படி அக்காவிடம் சொல்கிறார். அதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. மறுபடி பொத்தான், மறுபடி துபாய்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இனி அவரவர் கணினியோடு தமிழிலேயே பேசிக்கொள்ளலாம், நடுவில் ஆள் எதற்கு என்கிறார்கள். போன வாரம் ஒரு பையன் கடைக்கு வந்தான்.

"அக்கா, சாட்ஜிபிடிகிட்ட காமராசர் பத்தி ரெண்டு பக்கம் கேட்டு வாங்கிக் குடுங்க."

அக்கா தலை நிமிரவில்லை. "பக்கத்துக்கு 20 ரூபா தம்பி. பாமினில வேணும்னா தனி."