பேர் வெட்டிய டப்பா

செவ்வாய்ப்பேட்டையில் பள்ளிப் பரிசளிப்பு விழா நெருங்குவது பாத்திரக் கடைக்காரருக்குத்தான் முதலில் தெரியும். ‘எவர்சில்வர் டப்பா, பேர் வெட்டித் தரணும்’ என்று பி.டி. வாத்தியார் வந்து நிற்பார். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன பேட்டைதான்; பள்ளி பட்ஜெட் எவர்சில்வரைத் தாண்டாது.

பொதுத்தேர்வு ரேங்க் பட்டியலை அரசு 2017-இலேயே நிறுத்திவிட்டது. அழைப்பிதழில் யார் பெயர் மேலே என்ற ரேங்க் பட்டியலை நிறுத்த எந்த அரசாலும் ஆகாது.

நடிகர் விஜய்க்கும் விழா வேலை லேசாக இல்லை. 2023 ஜூன் 17-இல் நீலாங்கரையில், 234 தொகுதிகளிலும் 10, 12ஆம் வகுப்பில் முதல் மூன்று இடம் பிடித்தவர்களைப் பரிசளிக்க அழைத்தார். பெருக்கிப் பார்த்தால் 1,400-க்கு மேல், பெற்றோர் தனி. பகலில் தொடங்கியது இரவுவரை இழுத்தது. மறு ஆண்டு ஜூன் 28, ஜூலை 3 என இரண்டாகப் பிரித்துக்கொண்டார்.

பேட்டைப் பள்ளிக்கு அது கட்டாது. சாமியானா வாடகை ஒரு நாளைக்குத்தான்.

கடைசி டப்பாவும் உரிய கைக்குப் போனதும் வாத்தியார் முகத்தில் வரும் தெளிச்சி, சதம் வாங்கிய பையனுக்கும் வராது. அதற்குள் ஓர் அம்மா வந்துவிடுகிறார்: ‘சார், டப்பாவுல இனிஷியல் தப்பா இருக்குதுங்க.’